நாற்பத்தொரு பேண்டுகளும் ஒரு மைக்செட் கடையும்

என் மகளின் கிட்டார் சத்தத்தை நான் ரிப்பேருக்குக் கொடுத்தேன். இதைச் சொன்னால் அவளுடைய நண்பர்கள் இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். ஒலியலையைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. அப்படிப்பட்டவளே இந்தத் தப்பைச் செய்தாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் விடுமுறை முடிந்து சேலத்துக் கல்லூரிக்குக் கிளம்பிய மகளை நான்தான் பேருந்தில் ஏற்றிவிட்டேன். தொப்பூர் இறக்கத்தில் அந்தப் பேருந்து முன்னால் நின்ற லாரியில் மோதியது. அவளுக்கு இடது காறை எலும்பு முறிந்தது. வழியெல்லாம் அவளோடு பேசிக்கொண்டு வந்த பக்கத்து சீட்டு அம்மாள் பிழைக்கவில்லை. எலும்பு கூடிவிட்டது. மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கல்லூரிக்குப் போகவில்லை. பேருந்து என்று எதிலும் அதன் பிறகு ஏறவில்லை. தருமபுரியில் உடற்பயிற்சி சிகிச்சைக்கு அவளுடைய அப்பா வண்டியில் பின்னால் உட்காரவைத்து, முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் கூட்டிப் போய் வருவார். நான் ஒரு நாளைக்குப் பத்து முறை மூன்றே கேள்விகளைக் கேட்பேன். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வலிக்குதா. மூன்றுக்கும் அவள் பதில் "ம்".

எனக்கும் ஒன்றும் சரியாகவில்லை. நெடுஞ்சாலையில் லாரி பிரேக் போட்டால் என் கை பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு முறை தலைமை ஆசிரியையின் தோளைப் பிடித்துவிட்டேன்.

இடது கையை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று சிகிச்சைக்காரர் சொன்னதால்தான் மகள் கல்லூரியில் வாங்கிய எலக்ட்ரிக் கிட்டாரைப் பரண்மேலிருந்து எடுத்தாள். கூடவே ஓர் இரும்புப் பெட்டி. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். பெடல் என்பார்கள். அதைக் காலால் மிதித்ததும் கிட்டாரின் குரல் மாறிவிடும். கரும்பு ஆலைக்குள் நின்றுகொண்டு யாரோ தாலாட்டுப் பாடுவது போலக் கரகரவென்று வீடு முழுக்க ஓடும். கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். பாவம் குழந்தை, ஓட்டை உடைசல் பெட்டியை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறாள் என்று நினைப்பேன். சரிசெய்து கொடுத்தால் சந்தோஷப்படுவாள் என்று தோன்றியது. கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன்.

அவள் சிகிச்சைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை பெட்டியைத் துணிப்பையில் போட்டு மைக்செட் பாயிடம் கொண்டுபோனேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா எதுவானாலும் அவருடைய செட்டுதான். அவர் கட்டிய மைக் சாமி வந்து ஆடுகிறவர் கைக்குப் போனாலும் ஊளையிடாது என்பது அவருடைய பெருமை. பெட்டியின் நான்கு திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தவர் உச்சுக்கொட்டினார்.

"என்னங்க டீச்சர், இதை எந்தப் புண்ணியவான் கட்டுனது? ரெண்டு டயோடைக் குறுக்கால போட்டு சத்தத்தோட தலையை வெட்டி வெச்சிருக்கான். கொலைங்க இது."

"சரி பண்ண முடியுங்களா பாய்?"

"பாப்பாவுக்குன்னு சொல்றீங்க, பண்ணாம? பழைய காலத்து டிரான்சிஸ்டரு வேற. மியூசியத்துல வெக்கலாம். எல்லாத்தையும் மாத்திடறேன். சாயந்திரம் வாங்க, மணி மாதிரி பேசும்."

மணி மாதிரித்தான் பேசியது. அன்று மாலை மகள் வந்து கிட்டாரை மாட்டி, பெடலை மிதித்து, ஒரு தந்தியை இழுத்தாள். சுத்தமாக வந்தது. கழுவித் துடைத்துக் கவிழ்த்த தட்டு மாதிரி. அவள் மறுபடி மிதித்தாள். மறுபடி சுத்தம். குனிந்து திருகாணிகளைப் பார்த்தாள்.

"இதை யாரு திறந்தது?"

"சரி பண்ணிக் கொண்டாந்தேன் கண்ணு. ஒரே கரகரன்னு இருந்துச்சில்ல?"

தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "அந்தக் கரகரதாம்மா அது" என்றாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பெங்களூரில் நான்கு பேர் சேர்ந்து பேண்ட் என்று ஓர் இசைக்குழு நடத்துகிறார்கள். இவள் இணையத்தில் போட்டிருந்த ஒரு நிமிட வாசிப்பைக் கேட்டுவிட்டு, இன்னொரு கிட்டாருக்கு ஆள் தேடுகிறோம், இதே சத்தத்தில் முழுப் பாட்டு ஒன்றை மாதக் கடைசிக்குள் பதிவுசெய்து அனுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். விபத்துக்குப் பிறகு அவள் வேண்டும் என்று நினைத்த முதல் விஷயம் அதுதான். எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவோம் என்று தெரியும். அந்தப் பெட்டியைக் கையால் செய்து விற்றவர் தொழிலை விட்டு வெளிநாடு போய்விட்டார். இன்னொன்று கிடைக்காது. ஃபோன் ஆப்பில் வருகிற போலிச் சத்தம் வேறு மாதிரி.

"விடும்மா. எப்படியும் நான் போயிருக்க மாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வாக்கியம்தான் என்னை உலுக்கியது. மாதக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் பாயிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நான் நல்லா பண்ணதைக் கெடுத்துத் தரச் சொல்றீங்களா?"

"ஆமாங்க பாய். முன்ன எப்படிக் கெட்டிருந்துச்சோ அதே மாதிரி."

"கழட்டுனதையெல்லாம் குப்பையோட கொளுத்திட்டேனுங்களே." தலையைச் சொறிந்தார். பிறகு, செத்துப்போன பழைய ஆம்ப்ளிஃபயர்களிலிருந்து உருவிப் போட்ட டிரான்சிஸ்டர்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருப்பதாகச் சொல்லி, அதைக் கொண்டுவந்து கவிழ்த்தார். எல்லாம் சிலிக்கான் வருவதற்கு முன் ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்த அந்தக் காலத்துச் சரக்கு. "இதுல ஒண்ணு மாதிரி ஒண்ணு பேசாதுங்க. ஒவ்வொண்ணா போட்டுப் பாத்து நீங்கதான் சொல்லணும். எப்படிக் கெட்டிருந்துச்சு?"

வாயைத் திறந்தேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கரகரவென்று இருந்தது என்பதைத் தவிர என்னிடம் வார்த்தை இல்லை. மாதக்கணக்கில் கதவுக்கு வெளியே நின்றிருந்தும் கோளாறு என்று முடிவுகட்டிவிட்டதால் அதை நான் கேட்கவே இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மகளிடம், "நீ வாசிக்கறதுக்கு என்ன பேரு?" என்றேன். தட்டைப் பார்த்தபடி, "ஷூகேஸ். கொஞ்சம் கிரஞ்ச்" என்றாள். அது போதும் என்று எழுந்துவிட்டேன்.

மேடையில் தலைகுனிந்து, காலடியில் வரிசையாகக் கிடக்கும் பெடல்களைப் பார்த்தபடியே வாசிப்பதால் ஷூகேஸ், அதாவது ஷூவையே வெறித்துப் பார்ப்பது, என்ற பெயராம். கிட்டார்கள் சுவர்போல எழும்பி நிற்கும். பாடுகிறவர் குரல் அந்தச் சுவருக்குள் எங்கோ இருக்கும். அதோடு கொஞ்சம் கோபமும் அழுக்கும் சேர்ந்தால் கிரஞ்ச். ஃபோனில் தேடினால் முப்பது வருடத்துக்கு முந்திய பெரிய பெயர்களையே திரும்பத் திரும்பக் காட்டியது. அவர்கள் சத்தம் பெரிய ஸ்டுடியோவில் பிடித்தது. எனக்கு வேண்டியது ஒரு படுக்கையறையில் பிறந்த சத்தம். ஆகவே பெரியவர்களை விட்டுவிட்டு, இப்போது எங்கெங்கோ வீட்டுக்குள் உட்கார்ந்து பதிவு செய்கிறவர்களைத் தேட ஆரம்பித்தேன். ஒரு பாட்டின் கீழே யாரோ எழுதிய குறிப்பிலிருந்து இன்னொரு பேண்டுக்கும், அங்கிருந்து வேறொன்றுக்கும் போனேன்.

பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்றில் கட்டம் போட்டேன். பெயர், ஊர், சத்தம். பனி மூடிய ஒரு சுரங்க ஊரில் அண்ணனும் தங்கையும். சத்தம்: தகரக்கூரையில் மழை, நடுவில் நிற்பதில்லை. இந்தோனேசியாவில் ஒரு துறைமுக ஊரில் மூன்று பெண்கள். சத்தம்: பாலக்கோடு மண்டியில் தக்காளி லாரி ரிவர்ஸ் எடுப்பது, ஆனால் கூடவே ஒருத்தி நியாயம் கேட்கிறாள். அந்த மூன்று பெண்களுக்கு நான்கே பாட்டுகள். கேட்டவர்கள் மிகக் குறைவு. இதை யாருமே கேட்கவில்லையே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. எங்கள் பள்ளியில் நன்றாகப் படித்தும் வெளியே தெரியாமல் போன பிள்ளைகளை நினைத்தால் வருகிற கொதிப்பு அது.

ஆசிரியர் அறையில் மதிய உணவின்போது காதில் மாட்டிக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன். கணக்கு ஆசிரியை ஒரு நாள் என் காதருகே குனிந்து கேட்டுவிட்டு, "என்னங்க டீச்சர், கிரைண்டர் வாங்கப் போறீங்களா? எந்தக் கம்பெனி நல்லா அரைக்குதுன்னு பாக்கறீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பள்ளிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் இரண்டு வருடமாக முன் கம்பியை இறுகப் பிடித்தபடிதான் உட்கார்ந்திருந்தேன். அந்த இந்தோனேசியப் பெண்களின் இரண்டாவது பாட்டைக் கேட்டுக்கொண்டு போன நாள், இறங்கும்போதுதான் கவனித்தேன். கை இரண்டும் மடியில் கிடந்தன. அந்தச் சத்தத்துக்குள் வேறு எந்தச் சத்தமும் நுழைய இடமில்லை, பிரேக் சத்தமும்கூட. மகள் ஏன் அதை வாசித்தாள் என்பது அன்று நிறுத்தத்தில் நின்றபடி எனக்கு விளங்கியது. பார்த்தவர்கள் டீச்சருக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

தினமும் நாலரை மணிக்குப் பாயின் கடை. பாட்டுக்கச்சேரிக்காரர்கள் யாரோ விட்டுப்போன கரண்ட் மாண்டலின் ஒன்று அவரிடம் இருந்தது. அவர் டிரான்சிஸ்டரைப் பற்றவைப்பார். நான் தந்தியைத் தட்டுவேன். இப்போது என்னிடம் வார்த்தைகள் இருந்தன.

"இது கிழிஞ்ச சத்தம் பாய். எனக்கு வேண்டியது உருகின சத்தம்."

"கிழிஞ்சது உருகுனதெல்லாம் துணிக்கடையிலயும் நெய்க்கடையிலயும் கேளுங்க டீச்சர். இங்க வோல்ட் எவ்ளோன்னு சொல்லுங்க."

"வோல்ட் நீங்க பாத்துக்கங்க. அடுத்ததைப் போடுங்க."

நான்கைந்து நாளில் அவரும் மாறினார். "இது தகரங்க" என்று அவரே கழற்றிப் போடுவார். ஒரு நாள் என் இயர்ஃபோனை வாங்கிக் கேட்டார். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "மேல்தெரு மாரியம்மனுக்கும் கீழ்த்தெரு மாரியம்மனுக்கும் ஒரே நாள்ல திருவிழா வந்து, ரெண்டு செட்டும் ஒண்ணா பாடறாப்ல இருக்குதுங்க. நடு ரோட்டுல நின்னு கேட்டா இப்படித்தான் இருக்கும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்லாத்தான் இருக்குது" என்றும் சொன்னார். முப்பதுக்கு மேல் போட்டுப் பார்த்ததில், உருகியது என்று நான் சொன்ன ஒரு ஜோடியை மட்டும் அவர் தனியே எடுத்து, அவற்றின் கம்பிக் கால்களில் சிவப்பு நூல் சுற்றி வைத்தார். ஆனால் அதுதான் அது என்று எனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

நோட்டில் நாற்பத்தொன்றாவதாக வந்தது நம் வடகிழக்கு மலையூர் ஒன்றின் பேண்ட். ஒரே பாட்டுதான் வெளியிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பருப்பை வேகவைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கினேன். மெதுவாகத் தொடங்கி, கிட்டார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, வீடே மிதப்பது போல ஆனபோது குக்கர் விசில் அடித்தது. எழுந்து அடுப்பை அணைத்தேன். மறுபடி விசில். அணைத்த அடுப்பைப் பார்த்தேன். குக்கர் சும்மா இருந்தது. விசில் பாட்டுக்குள்ளிருந்து வந்தது. அந்தப் பிள்ளைகள் வாசிக்கும்போது பக்கத்து அறையில் அவர்கள் வீட்டுச் சமையல் நடந்திருக்கிறது. அதை அவர்கள் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். அடுப்படியில் தனியாக நின்று உரக்கச் சிரித்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் ரொம்ப நாளாகக் கேட்காத சத்தம் அது. மகள் கதவைத் திறந்து வந்தாள்.

"என்னம்மா?"

ஒரு இயர்ஃபோனை அவள் காதில் வைத்து, பாட்டை முதலிலிருந்து போட்டேன். இருவரும் ஒரே வயரில் தொங்கியபடி நின்றோம். விசில் வந்ததும் அவளும் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரும்மா இது?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நெஜமாவே தெரியாது?"

"ரொம்பப் பண்ணாதம்மா, சொல்லு."

இருபது வருட ஆசிரியப் பணியில் அப்படி ஒரு வெற்றியை நான் அனுபவித்ததில்லை. ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். கட்டம் கட்டமாகப் படித்தாள். தக்காளி லாரி என்று எழுதியிருந்த இடத்தில் அவள் உதடு கோணியது. "இதுல பாதிப் பேரை நான் கேட்டதே இல்ல" என்றாள். "எதுக்கு இதெல்லாம்?" பாய் கடையைப் பற்றி அப்போதுதான் சொன்னேன்.

அன்று மாலையே வந்தாள். நடந்தே வந்தாள். பாய் எதுவும் சொல்லாமல் டின்னிலிருந்து ஒவ்வொரு ஜோடியாகப் போட்டார். அவள் சொந்தக் கிட்டாரில் வாசித்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. எதைப் போடுகிறார் என்று அவளுக்குத் தெரியாது. வேண்டாம், வேண்டாம், ம்ஹூம் என்று போனது. ஏழாவதோ எட்டாவதோ, அவள் ஒரு தந்தியை இழுத்துவிட்டுக் கையை எடுக்காமல் நின்றாள். சத்தம் உருகி, நீண்டு, அடங்க மறுத்தது.

"இது பழசு இல்ல" என்றாள். அடுத்த ஜோடிக்காக என் கை டின்னுக்குப் போனது. "பழசைவிட நல்லா இருக்கு."

பாய் பெட்டியைத் திருப்பி என்னிடம் காட்டினார். உள்ளே சிவப்பு நூல்.

"டீச்சரோட காதுங்க" என்றார் அவளிடம். "நான் வெறும் ஈயம்தான் வெச்சேன்."

பதிவை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் அவர்தான். குழாய் ஸ்பீக்கர்களும் ஆளுயரப் பாக்ஸ்களும் அடுக்கிய அவருடைய கிடங்கில், மற்ற நாட்களில் அவருக்கு வேறு வேலைகள் இருந்ததால், சந்தை நாள் பகலிலேயே வைத்துக்கொண்டோம். நான் அரைநாள் விடுப்பு எடுத்தேன். அவள் அப்பாவும் வந்து சுவரோரம் நின்றார். மகள் நான்கு பாக்ஸ்களுக்கு நடுவில் நின்று, தலையைக் குனிந்து, பெட்டியை மிதித்தாள்.

கிடங்கின் தகரம் அதிர்ந்தது. என் விலா எலும்புக்குள் அது ஓடியது. சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் கத்தரிக்காய்ப் பைகளோடு வாசலில் நின்றார்கள். ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், "எந்தூருத் திருவிழாங்க பாய்?" என்று கத்திக் கேட்டார்.

"நம்ம டீச்சர் வூட்டுப் பாப்பா திருவிழாங்க" என்று பாய் திருப்பிக் கத்தினார்.

மூன்று முறை வாசித்தாள். மூன்றாவது முறை முடிந்தபோது ஆடு மட்டும்தான் பேசியது. அவள் முகம் வியர்த்திருந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். வலிக்குதா என்று கேட்க வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பினாள். அடுத்த வாரம் பதில் வந்தது. வா என்று எழுதியிருந்தார்கள். மார்கழியில் ஒரு கச்சேரி இருக்கிறது, அதற்கு முன் ஒரு மாதம் ஒத்திகை, எங்களோடு ஒரு பெண் இருக்கிறாள், அவள் அறையில் தங்கிக்கொள்ளலாம் என்றும். வீடே கொண்டாடியது. அன்றே எனக்குத் தூக்கம் போனது. பெங்களூருக்கு வண்டியில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் கூட்டிப் போக முடியாது. கார் பேசலாம் என்றார் அவள் அப்பா. நான் கூடவே வருகிறேன் என்றேன்.

"பஸ்லதான் போவேன்" என்றாள். "வாராவாரம் கார்ல வர முடியுமா? நீ வந்தீன்னா நான் உன்னைப் பாத்துக்கணும். என்னைப் பாத்துக்க முடியாது."

அவள் சொன்னது நியாயம்தான். எனக்கு அது சுட்டது.

திங்கட்கிழமை காலை. நெடுஞ்சாலையோரம் நிறுத்தத்தில் நான், அவள், முதுகில் கிட்டார், கையில் ஒரு பை. முதல் பேருந்து வந்தது. அவள் ஏறவில்லை. உதடு வெளுத்திருந்தது. இரண்டாவது வந்தது. அதையும் விட்டாள். கிளம்பலாமா கண்ணு, நாளைக்குப் பாத்துக்கலாம் என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை அதுதான். அவள் காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டாள்.

மூன்றாவது பேருந்து நின்றதும் படியில் கால் வைத்தாள். கண்டக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"முதுகுல இருக்கற பையை டிக்கில போடும்மா."

"முடியாதுங்கண்ணா. உடைஞ்சிரும்."

"எடத்தை அடைக்கும்மா."

"என் மடியில இருக்கும்ங்கண்ணா. உங்களுக்கு ஏன் இடம் அடைக்குது?"

"மடியில கைக்குழந்தையா? சொன்னா கேளும்மா."

"கைக்குழந்தைதான். அரை டிக்கெட் போடுங்க. டிக்கிக்கு மட்டும் போகாது."

உள்ளே யாரோ சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்துவிட்டு, "ஏறும்மா ஏறு, ஜட்ஜம்மா" என்று விசிலை ஊதினார். அவள் ஏறிவிட்டாள். ஏறியதை அவளே கவனித்தாளா என்று தெரியவில்லை. பேருந்து நகர்ந்தபோது கிட்டாரை மடியில் எப்படி வைப்பது என்பது பற்றி இன்னும் அவரிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக "ம்" மட்டும் சொல்லிக்கொண்டிருந்த பெண். எனக்குக் கையாட்ட மறந்துவிட்டாள்.

கிருஷ்ணகிரி தாண்டும்வரை ஃபோன் செய்வதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பள்ளிக்கு டவுன் பஸ் ஏறினேன். முதல் பாடவேளை ஒன்பதாம் வகுப்பு. தாமதமாகத்தான் போனேன். ஏன் டீச்சர் லேட்டு என்று பிள்ளைகள் கேட்டார்கள். என் மகள் பெங்களூருக்குப் போயிருக்கிறாள், பஸ்ஸில், என்று முழு வகுப்புக்கும் சொன்னேன்.